பனிச்சறுக்கு பூட்ஸ்: அளப்பது முதல் மாட்டுவது வரை

ஜனவரி பிறந்தால் டெல்லியில் மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் இருக்கும் எங்கள் தமிழ்க் கூட்டம் ஒன்று காஷ்மீரில் பனிச்சறுக்கு நடக்கும் குல்மர்குக்குக் கிளம்பிவிடும். டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சாலையில் 50 கி.மீ. சொச்சம். புதிதாக வருபவர்கள் ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் கண்ணாடிக்கும் ஒரு மாதம் அலைந்திருப்பார்கள். பூட்ஸை மட்டும் போய் இறங்கிய அன்று காலையில், வாடகைக் கடையில், ஐந்தே நிமிடத்தில் எடுப்பார்கள். மத்தியானத்துக்குள் கால் மரத்துப்போய்ப் பனியில் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் வீணாயிற்று.

காலுக்கும் சறுக்குப் பலகைக்கும் நடுவே இருப்பது பூட்ஸ்தான். முழங்காலைக் கொஞ்சம் சாய்த்தால் பலகை திரும்ப வேண்டும். பூட்ஸுக்குள் கால் ஆடினால் அந்தச் சாய்வு உள்ளேயே தீர்ந்துவிடும், பலகைக்குப் போய்ச் சேராது. ஆகவே அளவு சரியில்லாவிட்டால் வலிப்பது மட்டுமில்லை, கற்றுக்கொள்ளவே முடியாது.

தேர்ந்தெடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. வாங்குபவருக்கும் வாடகைக்கு எடுப்பவருக்கும் அதே வரிசைதான். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த கால்வலிகளில் பெரும்பாலானவை பெரிய பூட்ஸால் வந்தவை. சின்ன பூட்ஸால் வந்தவை குறைவு. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தத் தவறைத் தடுக்கத்தான்.

1. டெல்லியிலிருந்து கிளம்பும் முன்

முதலில் சாக்ஸ். ஒரே ஒரு ஜோடி போதும். மெல்லியதாக, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வருவதாக, மெரினோ கம்பளியிலோ செயற்கை இழையிலோ இருக்க வேண்டும். டெல்லிக் குளிருக்கு சரோஜினி நகரில் வாங்கிய தடித்த கம்பளி சாக்ஸை எல்லோரும் பெட்டியில் வைப்பார்கள். அதை விடுதி அறையில் போட்டுக்கொள்ளுங்கள், பூட்ஸுக்குள் வேண்டாம். பூட்ஸின் உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையான லைனரே காலைச் சூடாக வைத்துக்கொள்ளும். தடித்த சாக்ஸ் அந்த இடத்தை அடைத்து ரத்த ஓட்டத்தை நெருக்கும். விரல் இன்னும் சில்லிட்டுப்போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்று நழுவி மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒரு மணி நேரத்தில் கொப்புளமாகும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதுவும் ஆகாது.

உள்ளே போடும் தெர்மல் பேன்ட் பூட்ஸின் விளிம்புக்கு மேலேயே முடிய வேண்டும். முக்கால் நீளம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மேலே ஏற்றிவிடுங்கள். பூட்ஸுக்குள் சாக்ஸைத் தவிர வேறு துணி எதுவும் போகக்கூடாது.

அப்புறம் நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம். பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது தெரியாததால் எச்சரிக்கவும் மாட்டார்கள். மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். பூட்ஸுக்குள் விரல்கள் பக்கவாட்டில் நெருங்கியிருக்கும். மெட்டி பக்கத்து விரலை அழுத்திக்கொண்டே இருக்கும், கால் வீங்கினால் கழற்றவும் வராது. எங்களோடு வந்த ஒரு அக்கா, அறையில் அரை மணி நேரம் சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழற்றினார். வருடக்கணக்கில் கழற்றாத மெட்டியானால் டெல்லியிலேயே நிதானமாகக் கழற்றி, கழுத்துச் செயினில் கோத்துக்கொள்ளுங்கள். கொலுசும் கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறும் அப்படித்தான். கயிற்று முடிச்சுக்கூட எலும்பின் மேல் சிக்கினால் தாங்காது.

நகத்தைப் பயணத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பு நேராக வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் பூட்ஸின் முன்பக்கம் இடித்துக் கறுத்துப்போகும். கிளம்பும் அன்று ஒட்ட வெட்டினால் சதை எரியும்.

2. காலை அளப்பது

பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு செ.மீ. கணக்கில் வரும் காலின் நீளம்தான். இந்த முறைக்கு மாண்டோபாயிண்ட் என்று பெயர். 26 செ.மீ. காலுக்கு 26 எண் பூட்ஸ், அவ்வளவுதான்.

சாயங்காலம் அளக்க வேண்டும். நாள் முழுக்க நடந்த பிறகு கால் சற்றுப் பெருத்திருக்கும், பனியிலும் அப்படித்தான் இருக்கும். தரையில் ஒரு ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டி நீளவாக்கில் வையுங்கள். அந்த மெல்லிய சாக்ஸைப் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கட்டும். இன்னொருவர் குனிந்து, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் கோடு போட வேண்டும். நீங்களே குனிந்தால் எடை மாறிக் கால் நீண்டுவிடும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அதையும் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான இடத்தின் அளவையும் அதே தாளில் குறித்துவையுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஷூ எண்ணைச் சொல்வது. நம் ஊரில் 8 எண் ஷூ போடுபவர் கடையில் "8" என்பார். கடைக்காரர் அட்டவணையைப் பார்த்து 27 எடுத்துக் கொடுப்பார். அந்தக் காலை அளந்தால் 26 செ.மீ.தான் இருக்கும். ஷூவை நாம் ஒரு விரல் இடம் விட்டு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வாங்குகிறோம். அந்தத் தாராளத்தையும் சேர்த்துத்தான் அட்டவணை கணக்குப் போடுகிறது. ஆகவே எண்ணைச் சொல்லாதீர்கள், செ.மீ. சொல்லுங்கள்.

அரை அளவுகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். பெரும்பாலான பூட்ஸ்களில் 26-க்கும் 26.5-க்கும் வெளியே இருக்கும் ஷெல் ஒன்றேதான். உள்ளே இருக்கும் லைனரிலோ பாதத்துக்கு அடியில் வரும் அடித்தட்டிலோதான் சின்ன வித்தியாசம். "26.5 இறுக்கமாக இருக்கிறது, 27 கொடுங்கள்" என்று கேட்டால் அது அரை எண் ஏறுவது இல்லை, முழு ஷெல்லே மாறுகிறது. கால் 26.4 வந்தால் 26.5 எடுங்கள். 26.7 வந்தாலும் முதலில் 26.5-ஐப் போட்டுப் பாருங்கள். நான்காவது படியில் உண்மை தெரிந்துவிடும்.

3. காலின் வடிவத்தைப் பார்ப்பது

நீளம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பூட்ஸ் பொருந்தாது. அகலம், புறங்காலின் உயரம், கெண்டைக்காலின் பருமன், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்ற நான்கையும் பார்க்க வேண்டும்.

அகலம்தான் நம் ஆட்களுக்கு முதல் சிக்கல். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால்கள் பலவற்றில் முன்பாதம் விரிந்து, விரல்கள் பிரிந்து நிற்கும். பூட்ஸின் அகலத்தை மி.மீ. கணக்கில் சொல்வார்கள். 98 என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். இது 26.5 அளவு பூட்ஸுக்குச் சொல்லும் கணக்கு. சிறிய எண்ணில் இது குறையும், பெரிய எண்ணில் கூடும். விரிந்த கால் உள்ளவர் ஒடுக்கமான பூட்ஸைப் போட்டதும் பக்கவாட்டில் நெருக்கும். உடனே ஒரு எண் ஏற்றிக் கேட்பார். அகலம் சற்றுக் கிடைக்கும், ஆனால் நீளம் ஒரு செ.மீ. கூடிவிடும், குதிகால் ஆட ஆரம்பிக்கும். எண்ணை ஏற்றாமல், அதே எண்ணில் அகலமான மாடலைக் கேளுங்கள்.

புறங்கால் உயரமாக இருப்பவர்களுக்கு பூட்ஸ் மாட்டும்போதே தெரியும், கால் உள்ளே போகவே அடம்பிடிக்கும். போனபின், பூட்ஸை இறுக்கிப் பூட்டும் பக்கிளைப் போடாமலே புறங்காலில் அழுத்தம் இருந்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. புறங்காலின் மேல்தான் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே அழுத்தினால் விரல்கள் மரத்துப்போவது நிச்சயம்.

கணுக்கால் மடங்குகிறதா என்று பார்க்க நம்மிடம் ஒரு எளிய வழி உண்டு. குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் குத்தவைத்து உட்காருங்கள். சுலபமாக உட்கார முடிந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று அர்த்தம். குதிகால் மேலே எழும்பினாலோ பின்னால் சாய்ந்து விழப்போனாலோ மடக்கம் குறைவு. அப்படிப்பட்டவர் பூட்ஸுக்குள் முன்னால் சாயும்போது குதிகால் எழும்பிவிடும். குதிகாலுக்கு அடியில் சின்னத் திண்டு வைத்தால் சரியாகும். சிறு வயதில் சுலபமாகக் குத்தவைத்தவர்கள்கூட இருபது வருடம் நாற்காலியிலேயே வேலை பார்த்தபின் இதில் திணறுவதைப் பார்க்கிறேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் பழகுவது நல்லது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கணுக்காலின் வெளி எலும்பின் மேல் காய்ப்பு இருக்கும். பூட்ஸில் அந்த இடம் துருத்தும். ஷெல் சோதனையின்போது அங்கே விரலை விட்டு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் பருமனானவர்கள் மேல் பக்கிள் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் பக்கிள் மாட்டும் பல்வரிசையைத் திருகாணி கழற்றி வெளியே தள்ளிப் பொருத்தலாம். பெண்களுக்கான மாடல்களில் மேல் விளிம்பைக் கீழே இறக்கியிருப்பார்கள். பெண்களுக்குக் கெண்டைச் சதை பொதுவாகச் சற்றுக் கீழேயே தொடங்குவதுதான் காரணம்.

4. ஷெல் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புது லைனர் தடிப்பாக இருந்து பெரிய பூட்ஸையும் கச்சிதம்போலக் காட்டும். வாடகை பூட்ஸின் பழைய லைனரோ அமுங்கிப்போய் எதையும் சொல்லாது. ஷெல் கெட்டிப் பிளாஸ்டிக், அதன் அளவு மாறுவதில்லை.

பக்கிள்களை எல்லாம் திறந்து, லைனரைக் குதிகால் பக்கம் பிடித்து மேலே இழுத்து வெளியே எடுங்கள். வாடகைக் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். "பாயி, லைனர் நிகால்கர் தேக்னா ஹை" (அண்ணே, லைனரை எடுத்துப் பார்க்கணும்) என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கூட்டம் சேர்வதற்கு முன்பே, அல்லது முந்தின நாள் சாயங்காலமே போனால் நல்லது.

வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரைத் தொடும் வரை தள்ளுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். இப்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். புதியவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. சரி. ஒரு செ.மீ.க்கும் கீழே போவது பந்தயக்காரர்கள் விரும்பும் அளவு, உங்களுக்கு வேண்டாம். இரண்டரையைத் தாண்டினால் அந்த பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு எண் குறைத்துக் கேளுங்கள். நான் 2 செ.மீ. தடிமனில் ஒரு மரத்துண்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அது உள்ளே போய் ஆடினால் பூட்ஸ் பெரியது. விரலால் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு தடிமன் என்பதால் ஏமாற்றம் வரும்.

அடுத்து காலை ஷெல்லின் நடுவில் வைத்துப் பக்கங்களைப் பாருங்கள். சிறுவிரலின் அடி எலும்பும் கணுக்கால் எலும்பும் பிளாஸ்டிக்கை அழுத்தித் தொட்டால், லைனரைப் போட்டபின் அங்கே வலிக்கும்.

காலில் போட்டதும் சுகமாக இருக்கும் பூட்ஸை எடுப்பவர்கள் இந்தச் சோதனையில்தான் திகைப்பார்கள். நான் முதல் வருடம் எடுத்ததும் அப்படி ஒரு சுகமான பூட்ஸ்தான். ஒரு எண் பெரியது. சறுக்கத் தொடங்கியதும் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடியது. ஆடாமல் இருக்கட்டும் என்று பக்கிள்களை முடிந்த மட்டும் இறுக்கினேன். அந்த இறுக்கம் புறங்காலை நசுக்கியது. சொந்தமாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒடுக்கமான ஷெல்லைச் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளி இடம் உண்டாக்க முடியும். பெரிய ஷெல்லைச் சிறிதாக்க வழியே இல்லை. புது லைனரும் சில நாள் சறுக்கலில் அமுங்கி இன்னும் இளகும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சிறியதையே எடுங்கள். வாங்குவதும் அந்தச் சூடாக்கும் வேலை தெரிந்த கடையில்தான் வாங்க வேண்டும். தள்ளுபடியைப் பார்த்து இணையத்தில் வாங்கிவிட்டு டெல்லியில் அந்த வேலைக்கு ஆள் தேடி அலைந்தவர்களைத் தெரியும்.

வாடகை பூட்ஸானால் ஷெல்லில் விரிசல் இருக்கிறதா, நான்கு பக்கிளும் பிடிக்கின்றனவா, அடிப்பாகம் உருண்டை ஆகும்படி தேய்ந்திருக்கிறதா, லைனர் ஈரமா என்று பாருங்கள். இதில் எது சரியில்லாவிட்டாலும் வேறு ஜோடி கேட்க வேண்டும். லைனரைத் திரும்பப் போடும்போது குதிகாலை நன்றாக உள்ளே தள்ளி, விரல் பக்கம் கையை விட்டு மடிப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

5. எவ்வளவு கெட்டி?

பூட்ஸின் மேல் 80, 100, 120 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். முன்னால் சாயும்போது பூட்ஸ் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண் அது. அளவு எண் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி அளப்பதில்லை, ஒரு நிறுவனத்தின் 90 இன்னொன்றின் 100 போல இருக்கும். புதிய ஆண்களுக்கு 80 முதல் 90, பெண்களுக்கு 60 முதல் 80 போதும். உடல் கனத்தவர் கொஞ்சம் ஏறலாம். அறைச் சூட்டில் இளக்கமாகத் தெரியும் பிளாஸ்டிக் பனியில் கெட்டிப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரொம்பக் கெட்டியான பூட்ஸில் முழங்காலை மடக்க முடியாமல் பின்னால் சாய்ந்தே நிற்பீர்கள். பின்னால் சாய்ந்தால் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது.

6. மாட்டும் வரிசை

சரியான பூட்ஸ் கிடைத்த பிறகும் இந்த இடத்தில் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். கால்விரல் பக்கத்துப் பக்கிளில் தொடங்கி மேலே போவதுதான் எல்லோருக்கும் இயல்பாக வரும், ஷூ லேஸ் கட்டிய பழக்கம். அது தலைகீழ் வரிசை. முன்பக்கத்தை முதலில் பூட்டினால் குதிகால் பின்னால் போய் உட்காரும் முன்பே கால் அந்த இடத்தில் சிறைப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் குதிகால் ஆடும்.

பூட்ஸ் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ராத்திரி காரில் விட்டுவைத்த பூட்ஸ் காலையில் கல்லாக இருக்கும், கால் நுழையாது. எல்லாப் பக்கிளையும் மேலே உள்ள பட்டையையும் திறந்து, நாக்குப்போன்ற முன்பகுதியை முன்னாலும் சற்று வெளிப்பக்கமாகவும் இழுத்துப் பிடியுங்கள். சாக்ஸில் சுருக்கம் இல்லாமல் நீவிவிடுங்கள். நின்றுகொண்டே காலை உள்ளே விடுங்கள். வளையல்காரர் கையை அமுக்கி ஏற்றும் வளையல் விரல்முட்டிகளைத் தாண்டும்வரைதான் சிரமம். இதிலும் புறங்கால் அந்தத் திருப்பத்தைத் தாண்டிவிட்டால் சரி.

நாக்கை நடுவில் நேராக வைத்து, லைனரின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்காமல் படிய வையுங்கள். இப்போது குதிகாலைத் தரையில் மூன்று நான்கு முறை தட்டுங்கள். முழங்காலை முன்னால் சாய்த்து, குதிகால் பின்சுவரில் போய் உட்கார்வதை உணருங்கள்.

நான்கு பக்கிள் உள்ள பூட்ஸில், மேலிருந்து மூன்றாவதாக, கணுக்காலின் வளைவில் இருக்கும் பக்கிளை முதலில் லேசாகப் போடுங்கள். குதிகாலைப் பின்னால் பிடித்து வைப்பது அதுதான். பிறகு மேலே உள்ள இரண்டும், அப்புறம் பட்டை. இப்போது பத்து முறை முன்னால் சாய்ந்து நிமிருங்கள். கால் இன்னும் உள்ளே இறங்கியிருக்கும், பக்கிள்கள் தளர்ந்திருக்கும். மேலே உள்ளவற்றை ஒரு பல் கூட்டுங்கள். விரல் பக்கத்துப் பக்கிளைக் கடைசியில், மூடினால் போதும் என்ற அளவில் போடுங்கள். அங்கே இறுக்கிப் பிடித்து எந்தப் பயனும் இல்லை.

ஒரு பல் கூட்டினால் இறுக்கம், குறைத்தால் தளர்வு என்றிருந்தால் பக்கிளின் கொக்கியையே திருகிப் பாருங்கள். பல பூட்ஸ்களில் அது திருகாணிபோல நீளும், குறையும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே உள்ள அளவு அதில் கிடைக்கும். பேன்ட்டின் அடியில் இருக்கும் பனி தடுக்கும் துணியைக் கடைசியாக பூட்ஸின் வெளிப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

7. இருபது நிமிடம்

மாட்டிய உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். நேராக நின்றால் விரல்நுனி முன்சுவரைத் தொடும். புதியவர்கள் இதில் பயந்து "அண்ணா, விரல் இடிக்குது, பெருசா வேணும்" என்பார்கள். முழங்காலை முன்னால் மடக்குங்கள், குதிகால் பின்னால் போய் விரல்கள் விடுபடும். சறுக்கும்போது நிற்கும் நிலை அந்த மடங்கிய நிலைதான். மடக்கிய பிறகும் விரல் முட்டி வளைந்திருந்தால்தான் பூட்ஸ் சின்னது.

ஒருவரை பூட்ஸின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் முன்னால் சாய்ந்து குதிகாலை மேலே தூக்கப் பாருங்கள். எழும்பக்கூடாது. இரண்டு காலிலும் போட்டபடி இருபது நிமிடம் நின்று, சாய்ந்து, நாலடி நடந்து பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம் இருந்தால் நல்லது, லைனர் சூடேறியதும் அது தளரும். ஒரு புள்ளியில் மட்டும் குத்தும் வலி தானாகக் குறையாது, நேரம் போகப்போகக் கூடும். எறும்பு ஊர்வதுபோல இருந்தால் பக்கிளை ஒரு பல் தளர்த்துங்கள். தளர்த்திய பிறகும் ஊர்ந்தால் பூட்ஸை மாற்றுங்கள்.

8. எங்கே வலிக்கிறது?

கணைக்காலின் முன்னெலும்பில் வலித்தால் பெரும்பாலும் மேல் பக்கிள் தளர்வு. நீங்கள் பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள், ஒவ்வொரு மேட்டிலும் கால் முன்னால் வந்து பூட்ஸின் நாக்கில் மோதுகிறது. வலிக்கிறதே என்று தளர்த்தினால் இன்னும் மோதும். மேல் பக்கிளையும் பட்டையையும் இறுக்கி, நாக்கோடு கணைக்கால் ஒட்டியே இருக்கும்படி நிற்க வேண்டும்.

விரல் மரத்தால் கீழ்ப் பக்கிள் இரண்டையும் தளர்த்துங்கள். தளர்த்தியதும் குதிகால் ஆடினால் பூட்ஸ் பெரியது என்று அர்த்தம், மத்தியானத்திலேயே போய் மாற்றிவிடுங்கள். உள்ளங்கால் பிடித்து இழுத்தால் வளைவுக்குத் தாங்கல் இல்லை, ஒரு நல்ல அடித்தட்டு உதவும். கட்டைவிரல் நகம் கறுத்தால் நீண்ட நகமோ பெரிய பூட்ஸோதான் காரணமாக இருக்கும். பெரிய பூட்ஸில் கால் முன்னால் ஓடி ஓடி இடிப்பதை யாரும் நம்புவதில்லை, எண்ணை இன்னும் ஏற்றுகிறார்கள்.

9. பலகையோடு பொருத்துவது

பூட்ஸின் அடிப்பாகத்தின் முழு நீளம் மி.மீ. கணக்கில் ஷெல்லின் குதிகால் பக்கத்தில் பொறித்திருக்கும், 305 என்பதுபோல. பலகையின் மேல் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கை இந்த நீளத்துக்கு நகர்த்திப் பொருத்த வேண்டும். விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸ் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, அடிநீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்து முடிவு செய்வார்கள். ஆகவே எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். எடையைக் குறைத்தால் வேண்டாத நேரத்தில் கழலும், திறமையைக் கூட்டினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்யச் சொல்ல வேண்டும். நண்பரின் பலகையை வாங்கி மாட்டிக்கொள்வது இதனால்தான் ஆபத்து. அடிப்பாகம் தட்டையாக இருப்பதும், நடப்பதற்கென வளைந்திருப்பதும் வேறு வேறு வகை. எல்லா பைண்டிங்கும் எல்லாவற்றையும் ஏற்காது. இந்தச் சரிசெய்தலை நீங்களே திருகாணி எடுத்துச் செய்யாதீர்கள்.

10. பனியில் முதல் நாள், அதன் பிறகு

நடக்கும்போது மேல் பக்கிள்களைத் திறந்துவிட்டு, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். மலை மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் வரிசையில் நிற்கும்போதும் தளர்த்திக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரத்தில் லைனர் இளகும், ஒரு பல் கூட்ட வேண்டியிருக்கும்.

விரல் மரத்து வெளிறிப்போனால் உடனே உள்ளே போய் பூட்ஸைக் கழற்றி, உடம்புச் சூட்டால் மெதுவாகச் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது, புகாரி அடுப்பில் காட்டுவது இரண்டும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். நிறம் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பூட்ஸ் அழுத்துவதே தெரியாது. கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள், மத்தியானமும் இரவும் சாக்ஸைக் கழற்றிச் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு லைனரை வெளியே எடுத்து அறைக்குள்ளேயே உலர்த்துங்கள். புகாரியிலிருந்து தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் கோணிப்போகும். ஈரம் தங்கினால் மறுநாள் கால் விறைக்கும்.

சொந்த பூட்ஸ் வைத்திருப்பவர்கள் டெல்லிக்குத் திரும்பியதும் முழுக்க உலர்த்தி, லைனரைப் போட்டு, பக்கிள்களை லேசாக மூடி வையுங்கள். திறந்தே வைத்தால் ஷெல் விரிந்து உருமாறும். மொட்டைமாடி அறையிலும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். மே மாத வெயிலும் ஆடி மாத ஈரமும் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் அரித்துவிடும், பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் ஒருநாள் பனியில் உடையும். வீட்டுக்குள் அலமாரியின் அடித்தட்டு போதும். டிசம்பரில் எடுத்து பக்கிளடியையும் கணுக்கால் மடிப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்த ஜோடியை மலைக்கு எடுத்துப்போக வேண்டாம். விரிசல் இல்லையென்றால் ஒருநாள் சாயங்காலம் மாட்டிக்கொண்டு வீட்டில் இருபது நிமிடம் நில்லுங்கள், ஒரு வருடத்தில் காலும் மாறியிருக்கும்.